நடுத்துண்டு

கொரட்டூரிலிருந்து ஞானகுமாரியின் ஸ்கூட்டர் நெமிலிச்சேரிக்குக் கிளம்பிவிட்டால், அது நலம் விசாரிக்க வருகிற ஸ்கூட்டர் அல்ல. ரெனிதாவுக்கு இது மனப்பாடம். கல்யாணமான புதிதில் நாத்தனார் அப்படி வந்தபோது சீர்ப் பாத்திரத்தில் ஒரு அண்டா குறைகிறது என்றாள். போன வருஷம் வந்தபோது, "ஆன்டோவைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றாள். ரெனிதா அனுசரித்தாள். ஆன்டோ பூந்தமல்லிக்குப் போய்விட்டான், வேறொருத்தி வீட்டுக்கு.

இன்றைக்கு என்னவோ.

மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டிவிட்டு, ஷேர் ஆட்டோவும் ரயிலும் மாறி வந்து, கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரெனிதா வாசலில் நின்றபோது, வீட்டில் இருந்த ஒரே ஃபேனுக்கு அடியில் ஞானகுமாரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழுப்புக் கவர்.

"இன்னா அண்ணி, இந்த நேரத்துல?"

"ஒக்காரு ரெனிதா. பேசணும்."

தன் வீட்டில் தன்னையே உட்காரச் சொல்கிறாள். ரெனிதா உட்காரவில்லை. கையைக் கழுவினாள். ரப்பர் கறுப்பு சோப்புக்குப் போகாது, இருந்தாலும் கழுவினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். பேச்சு என்னவாக இருந்தாலும் ராத்திரிக்கு ஏழு பேருக்குச் சோறு வேண்டும்.

ஏழு பேர் என்றால், அவள் பெற்றது மூன்று: ஷெரின், ஆல்வின், பெனிட்டா. மாமனார் கிறிஸ்துதாஸ், பஸ் பாடி கட்டும் ஷெட்டில் காலமெல்லாம் வெல்டிங் அடித்துக் கண் மங்கிப் போனவர். ஆன்டோவின் தம்பி ஜஸ்டினின் பிள்ளைகள் இரண்டு, ஜெசிந்தாவும் கெவினும். கொரோனா ரெண்டாவது அலையில் ஜஸ்டினும் அவன் பெண்டாட்டியும் ஒரே வாரத்தில் போய்ச் சேர, கைக்குழந்தையாக வந்த கெவினுக்கு ரெனிதாதான் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். ஏழாவது ஆள் ரெனிதா. ஆன்டோ கிளம்பியபோது பையில் சட்டைகளை எடுத்துக்கொண்டான், போன் சார்ஜரை எடுத்துக்கொண்டான். அப்பனையும் தம்பி பிள்ளைகளையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஜெசிக்கும் கெவினுக்கும் திண்டிவனம் பக்கம் ஒரு ஹோம்ல எடம் பேசிட்டேன்" என்றாள் ஞானகுமாரி. "சிஸ்டர்ஸ் நடத்துறாங்க. மூணு வேளை சாப்பாடு, யூனிஃபார்ம், படிப்பு, எல்லாம் அவங்க பொறுப்பு. ஜூன்ல சேத்துடலாம்."

பானையின் மூடியைப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? என் தம்பி பிள்ளைங்க. ஆன்டோவும் சரின்னுட்டான். அப்பா ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

"இங்க இன்னா கொறச்சல் அதுங்களுக்கு?"

"கொறச்சலை நான் வேற எடுத்துச் சொல்லணுமா? ஒரு காலத்துல ஞாயித்துக்கிழமை ஆனா இந்த வீட்டு வஞ்சிரம் வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வரும். இப்ப? கெவினைக் கேட்டேன், காலையில என்னடா சாப்ட்டேன்னு. கூழுங்கறான்."

"நானும் கூழுதான் குடிச்சேன். ஒங்க அப்பாவும் கூழுதான். அக்னி நட்சத்திரத்துல கூழு குடிக்காம கேக்கா துன்னுவாங்க?"

"இந்த வாய் மட்டும் கொறையல. இத பாரு ரெனிதா." ஞானகுமாரியின் குரல் திடீரென்று மெத்தையாகிவிட்டது. "ஆன்டோவே உனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அவன் தம்பி பிள்ளைங்களை நீ ஏன் சொமக்கணும்? உன் ரத்தமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

திட்டியிருந்தால் ரெனிதா திருப்பித் திட்டியிருப்பாள். இது வேறு மாதிரி இருந்தது. வாசலில் முருங்கை மரத்தடியில் கட்டிலில் இருந்த மாமனாரைப் பார்த்தாள். அவர் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுகிற நேரத்தில், அந்தக் கண்ணுக்கு, முருங்கையில் பார்க்க ஒன்றுமே கிடையாது.

புரிந்துவிட்டது. கிழவர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்.

"மாமா?"

"ஒனக்கு பாரமா கீதும்மா" என்றார் கிறிஸ்துதாஸ், மரத்திடம் சொல்வது போல. "ஏழு வாயி. நானே ஒரு தண்டச் சோறு. சின்னதுங்க ரெண்டும் எங்கனா நல்லா இருந்தா..."

"நான் சொன்னனா பாரம்னு?"

 உள்ளே, ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால், ஜெசிந்தா கெவினின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை. தன் காதைப் பொத்த அவளுக்குக் கை மிச்சமில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகு ரெனிதா யோசிக்கவில்லை.

"அண்ணி, ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சுட்டு நேரா இங்க வாங்க. ஒங்க தம்பியையும் இட்டுகினு வாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க. பசங்க துன்றத ரெண்டு பேரும் கண்ணால பாருங்க. அப்பால அந்தப் பேப்பரை நீட்டுங்க. மாமா போட்டா போடட்டும், நான் குறுக்க நிக்கல."

"என்ன, விருந்து வச்சு மடக்கலாம்னு பாக்கறியா?"

"விருந்துலாம் இல்ல. வழக்கமான ஞாயித்துக்கெழமை சோறுதான்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் ரெனிதாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாயை விட்டுவிட்டாள். கிழவர் கையெழுத்துப் போட்டுவிட்டால்?

*

மே மாதம்தான் அவளுக்கு எமன். பள்ளிக்கூடம் திறந்திருந்தால் சின்னதுகளுக்குக் காலை உப்புமாவும் பொங்கலும் அங்கே, மத்தியானச் சத்துணவும் முட்டையும் அங்கே. லீவு விட்டதும் அந்த வயிறெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடும். வந்ததோடு நிற்காது. ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடி, குளித்து, கும்பலாகப் பசித்து வரும்.

ரேஷன் அரிசிதான். ஆனால் ரெனிதா வீட்டுச் சோற்றில் ரேஷன் நாற்றத்தை எவனும் கண்டுபிடிக்க முடியாது. கல் பொறுக்கி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்து அலசி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு மறுபடி அலசுவாள். கொதிக்கும்போது ஒரு சொட்டு எண்ணெய். வடித்த கஞ்சி வீணாகாது, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டால் சாயங்காலம் ஐந்து டம்ளர். காய்கறிக்குப் பட்டாபிராம் சந்தைக்கு விளக்கு வைத்த பிறகுதான் போவாள். கடைக்காரர்கள் மூட்டை கட்டுகிற அவசரத்தில் மிச்சத்தைக் கூறு கட்டி வைப்பார்கள். முற்றின வெண்டைக்காய், ஒரு பக்கம் அடிபட்ட கத்திரிக்காய், வால் உடைந்த புடலங்காய். அடிபட்ட பக்கத்தை வெட்டி எறிந்தால் மீதி நல்ல கத்திரிக்காய்தானே? அவளுக்கு அதில் வெட்கமில்லை. தானும் அப்படி ஒரு கத்திரிக்காய்தான் என்று ஒருமுறை வேலையிடத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு மட்டும் ஒரு கதை உண்டு.

கிறிஸ்துதாஸ் வீட்டில் மீன் வாங்கினால் தலை பெரியவருக்கு, நடுத்துண்டு சம்பாதிக்கிறவனுக்கு. யாரும் சட்டம் போடவில்லை. ரெனிதா மருமகளாக வந்தபோதே அப்படித்தான் இருந்தது. சதைப் பிடிப்பான நடுத்துண்டுகளைப் பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் முதலில் எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைக்க வேண்டும். ஆன்டோ எத்தனை மணிக்கு வந்தாலும் கிண்ணம் காத்திருக்கும். அவன் தட்டைப் பார்த்ததும் முதலில் கேட்பதே, "துண்டு எங்க?"

அவன் போன பிறகும் மூன்று ஞாயிறு ரெனிதா நடுத்துண்டை எடுத்து மூடி வைத்தாள். வேண்டுமென்று இல்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. முதல் ஞாயிறு ராத்திரி கிண்ணத்தைத் திறந்து பார்த்து, யாருக்கு என்று விளங்காமல் மூடினாள். காலையில் நாறிப் போயிருந்தது. இரண்டாவது ஞாயிறும் அதே. வீட்டில் ஒருவர்கூட அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது ஞாயிறு பக்கத்து வீட்டுப் பூனை மூடியைத் தள்ளித் தின்றது. அவள் துடைப்பத்தை ஓங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

பூனை என்ன செய்யும்? வீட்டில் இல்லாத ஆளுக்குப் பந்தி வைத்தது யார்?

அடுத்த ஞாயிற்றிலிருந்து அந்தக் கிண்ணத்தில் உப்பு வைத்தாள். மீனைத் துண்டு போடுவதையே நிறுத்திவிட்டாள்.

*

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே ரெனிதா ஸ்டேஷன் பக்கம் வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே வேம்புலியம்மாளின் மீன் கூடை.

"வா வா, மாதா கோயில்காரி. இன்னா, சேதி கேள்விப்பட்டேன்? ஒன் நாத்தனா வர்றாளாமே, ஆய்வு பண்றதுக்கு."

"யாரு சொன்னது ஒனக்கு?"

"ஷெரின் சொல்லிச்சு. அது மூஞ்சியே சரியில்ல. இந்தா பாரு." வேம்புலியம்மாள் ஐஸுக்கு அடியிலிருந்து ஈரத்துணியை விலக்கினாள். வெள்ளி மாதிரி பளபளவென்று வஞ்சிரம். "தடைக்காலம். மீன் புடிக்கற போட்டு எதுவும் கடலுக்குப் போறதில்ல. மார்க்கெட்டுல இந்த மாதிரி சரக்கைக் கண்ணால பாக்க முடியாது. ஒனக்கோசரம் ஒதுக்கி வச்சேன்."

"வெல?"

சொன்னாள். ரெனிதா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. காசு யாரு இப்ப கேட்டா? சம்பளம் வந்ததும் குடு. அவளுங்க மூஞ்சில கரி பூசணுமா இல்லியா? வட்டம் வட்டமா வெட்டி, நல்லா மொளகாத்தூள் தடவி வறுத்து வச்சேன்னு வையி, அந்தக் கொரட்டூர்க்காரி வாயத் தொறக்க மாட்டா."

ரெனிதா குனிந்து மீனைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள், ரத்தச் சிவப்பு. ஒரே ஒரு நாள். ஒன்பது வட்டம். ஒரு மாதம் மிளகாய், புளி கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போயிற்று. கிழவரின் மங்கின கண்ணுக்குக்கூட வஞ்சிரம் தெரியும். "நிறுத்துப் போடு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேம்புலியம்மாள் தராசைக்கூடத் தூக்கிவிட்டாள்.

"வேணாம்" என்றாள் ரெனிதா.

"இன்னாடி?"

"இந்த ஞாயிறு வஞ்சிரத்தைக் காட்டி பசங்கள நிறுத்திகினா, அடுத்த ஞாயிறு இன்னாத்த காட்டுவேன்? நான் இத்தினி நாளு போட்டது சோறு இல்லன்னு நானே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும். எப்பவும் வாங்கறதைக் குடு."

"ஏரி மீனா? வீட்டுக்கு ஆளு வர்ற அன்னிக்கு ஜிலேபிக் கெண்டையா வாங்குவாங்க?"

"ஏரி வத்துது, நல்ல சதையா கீது. அதுல பெருசா பாத்து ஒம்போது போடு. அவங்களுக்கும் சேத்து."

வேம்புலியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வஞ்சிரத்தின் மேல் துணியை மூடினாள். "திமிரு புடிச்சவ" என்று முணுமுணுத்துக்கொண்டே செதில் தேய்த்தாள். ஒன்பது சொன்னதற்குப் பத்துப் போட்டாள். "ஒண்ணு மாதாவுக்கு. கோயில்ல வச்சுடாத, நீ துன்னு."

*

"அம்மா, இன்னிக்குமா மீன் புட்டு?" ஷெரினுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாவது முடித்த பெண்ணுக்கு மானம் மூக்கு நுனியில் இருக்கும். "அத்தை கொரட்டூர் போய் ஊருக்கெல்லாம் சொல்லும். ஏரி மீனை உதுத்துப் போட்டாங்கன்னு."

"சொல்லட்டும். பூண்டு உரி."

மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை சுட்டது, கீழே அடுப்பு. மஞ்சளும் உப்பும் போட்டு மீனை அரை வேக்காடு வேகவைத்து, ஆறவைத்து, ரெனிதா முள்ளெடுக்க உட்கார்ந்தாள். பிசிறு வெட்டுகிற விரலுக்கு முள் தப்பாது. ஒரு தட்டில் சதை வெள்ளையாக ஏறிக்கொண்டே போயிற்று. வேகவைத்த வாழைக்காய் இரண்டைத் துருவி அதோடு சேர்த்தாள். அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. வாழைக்காய் மீன் ருசியைக் குடித்துக்கொண்டு மீனாகவே மாறிவிடும், அளவு ஒன்றரை மடங்காகும். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், வாசல் மரத்து முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. வதங்க வதங்க ஆல்வின் இரண்டு தடவை தண்ணி குடிக்க அடுப்பங்கரைக்கு வந்து போனான்.

தலைகளும் நடுமுள்ளும் மாங்காய் போட்ட குழம்புக்குப் போயின.

ஜெசிந்தா மட்டும் கிட்டே வரவில்லை. தன் துணிகளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரெனிதா பார்த்தாள்.

"எதுக்குடி துணி மடிக்கற?"

"சும்மா."

"சும்மான்னா இங்க வந்து உப்பு பாரு."

குழந்தை வந்தாள். உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி நக்கினாள். "சரியா கீது பெரிம்மா" என்றாள். 

*

ஞானகுமாரியின் பின்னால் ஆன்டோ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தான். கையை வீசிக்கொண்டு வந்தான், பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் இல்லை. எட்டு மாதத்தில் கன்னம் உப்பியிருந்தது. உள்ளே நுழைந்ததும் நேராக ஃபேனுக்கு அடியில் போய்ச் சம்மணம் போட்டான்.

"அது ஆல்வின் எடம்" என்றாள் ரெனிதா. "கொஞ்சம் நவுந்து ஒக்காரு."

பதினாறு வருஷத்தில் முதல் தடவை 'ஒக்காரு'. 'ஒக்காருங்க' இல்லை. ஞானகுமாரியின் புருவம் ஏறியது. ஆன்டோ நகர்ந்தான். ஆல்வின் அப்பாவைப் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

ஒன்பது தட்டு. கிறிஸ்துதாஸ் சிலுவை போட்டு ஜெபம் சொன்னார். எப்போதும் சொல்வதைவிட வேகமாகச் சொன்னார். சோறு, குழம்பு. பிறகு ரெனிதா ஒரு குழிக்கரண்டியை எடுத்தாள். பெரியவர் தட்டில் ஒரு கரண்டி புட்டு. கெவின் தட்டில் ஒரு கரண்டி. ஞானகுமாரிக்கு ஒன்று, பெனிட்டாவுக்கு ஒன்று, ஆன்டோவுக்கு ஒன்று. கரண்டியைத் தட்டி மட்டம் பண்ணித்தான் போட்டாள். கடைசியாகத் தன் தட்டில் அதே ஒரு கரண்டி போட்டுக்கொண்டு பந்தியிலேயே உட்கார்ந்தாள்.

ஆன்டோ சோற்றை ஒதுக்கிப் பார்த்தான். குழம்பைக் கிளறினான்.

"துண்டு எங்க?"

 ரயில் ஒன்று கடந்து போனது.

"துண்டு இல்ல" என்றாள் ரெனிதா.

ஞானகுமாரி இதற்குத்தான் காத்திருந்தாள். "பாத்தீங்களாப்பா? நான் சொன்னா கோவம் வருது. ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கு நாங்க வர்றோம்னு தெரிஞ்சும் ஒரு துண்டு மீனுக்கு வழியில்லை. வாழைக்காயைத் துருவிப் போட்டு ஏமாத்துறா. அப்ப மத்த நாள்ல இந்தப் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்? ஜெசி, நீ சொல்லுடா கண்ணு. பயப்படாத. கடைசியா எப்ப மீன் துண்டு சாப்ட்ட?"

ஜெசிந்தா வாயில் சோற்றோடு பெரியம்மாவைப் பார்த்தாள். ரெனிதா ஒரு சைகையும் காட்டவில்லை. தட்டைப் பார்த்தாள்.  சொல்லிக் கொடுத்து வைத்திருக்கலாமோ?

"துண்டு நான் துன்னதே இல்ல அத்தை."

"கேட்டீங்களா!" ஞானகுமாரியின் குரல் ஓங்கியது. "துன்னதே இல்லையாம்!"

"பெரிப்பா இருந்தப்போ துண்டு அவருக்கு" என்றாள் ஜெசிந்தா, கணக்குப் பாடம் ஒப்பிப்பது போல. "தலை தாத்தாவுக்கு. வாலு ஆல்வின் அண்ணனுக்கு. எனக்கும் பெனிக்கும் ஷெரினக்காவுக்கும் கொழம்பு. கெவினுக்கு முட்டை. பெரிம்மாவுக்கு சட்டி."

"சட்டியா?"

"சட்டியில சோறு போட்டு தொடச்சு துன்னுவாங்க." குழந்தை தன் தட்டிலிருந்த புட்டைச் சோற்றோடு சேர்த்து உருட்டினாள். "இப்பதான் மீனு துன்றேன். பெரிப்பா போனப்பறம்."

உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

  ஞானகுமாரியும் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டு மீன் குழம்பில் சோறு பிசைந்தவள். அவள் கண் தன்னையறியாமல் தன் தட்டிலிருந்த கரண்டிப் புட்டுக்குப் போனதை ரெனிதா பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" ஆன்டோ சீறினான். "ராவும் பகலும் வண்டி ஓட்டிச் சம்பாரிச்சவன் நானு. ஒரு துண்டு துன்னது குத்தமா? அப்பா, நீ சொல்லு. நீ துன்னல?"

எல்லோரும் கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள்.

அவர் தன் தட்டில் குழம்போடு விழுந்திருந்த மீன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக இரண்டாகப் பிளந்தார். கன்னத்துச் சதையை விரலால் தோண்டி எடுத்தார். முள் இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தட்டு எங்கே என்று தடவி, ஜெசிந்தாவின் சோற்றில் வைத்தார்.

"துன்னேன்டா" என்றார். "ஒன் ஆத்தாளும் சட்டிதான் தொடச்சா. சாவற வரிக்கும். ரெனிதா, இன்னும் ஒரு கரண்டி சோறு போடும்மா."

ரெனிதா எழுந்து போட்டாள். அவர் இவ்வளவு சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. இத்தனை மாதமும் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போகிற மனுஷன். வயசாயிற்று, பசிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பசிக்காமல் என்ன? மருமகள் கைச்சோற்றைத் தின்னக் கூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இன்னும்" என்றார்.

ஆன்டோ கோபத்தோடு சாப்பிட்டான். ஆனால் சாப்பிட்டான். தட்டில் ஒரு பருக்கை இல்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து தட்டைக் கொல்லைக் குழாயில் கழுவிக் கவிழ்த்தன. ஞானகுமாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழுப்புக் கவரைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, அப்பாவின் முன்னால் நீட்டினாள். ஆனால் முந்தாநாள் இருந்த அழுத்தம் குரலில் இல்லை.

"அப்பா, பேச்சு எப்படியோ போயிடுச்சு. பிள்ளைங்க எதிர்காலத்தைப் பாருங்க. இங்க ஒரு கையெழுத்து."

கிறிஸ்துதாஸ் வலது கையைத் தூக்கிக் காட்டினார். குழம்பும் சோறுமாக இருந்தது.

"சோத்துக் கையா கீதும்மா."

"கழுவிட்டு வாங்க, இருக்கேன்."

"துன்னு முடிக்கல."

"தட்டுல ஒண்ணும் இல்லியேப்பா."

"ரெனிதா, கொஞ்சம் ரசம் கீதா?"

"கீது மாமா."

ரசம் வந்தது. குடித்தார். மோர் கேட்டார். மோர் இல்லை, பழைய சோற்று நீத்தண்ணி இருந்தது. அதையும் வாங்கிக் குடித்தார். பிறகு சுவரில் சாய்ந்து, எச்சில் கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். கை காய ஆரம்பித்தது. விரல் இடுக்கில் மசாலா வெடித்தது. ஞானகுமாரி பேனாவைப் பிடித்தபடி நின்றாள், மாற்றிப் பிடித்தாள், வியர்வையைத் துடைத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள்.

"ஒங்களுக்குக் கழுவற எண்ணமே இல்லியாப்பா?"

"சோறு போட்ட எடத்துல கை கழுவ அவசரப்படக் கூடாது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நீ போம்மா. வெயில் ஏறுது."

ஆன்டோ எழுந்தான். கூலிங் கிளாஸைத் தேடினான். கெவின் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தவனை ரெனிதாவின் குரல் நிறுத்தியது.

"தட்டு."

"இன்னா?"

"இந்த ஊட்ல இப்போ அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவறது. குழாய் கொல்லையில கீது. ஒனக்குத் தெரியாத எடமா?"

"ஓவரா போற ரெனிதா."

"கழுவாத. அப்படியே போ. ஆனா அடுத்த வாட்டி வர்றப்போ பசிச்சா, அந்தக் கழுவாத தட்டுலதான் போடுவேன்."

ஆன்டோ அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொல்லைக்கு நடந்துகொண்டிருந்தாள். ஆன்டோ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கழுவின தட்டைக் கவிழ்த்துவிட்டு ஞானகுமாரி அடுப்பங்கரையில் நின்றாள். கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்த சிஸ்டர்ஸ் ஜூன் பத்து வரைக்கும் எடம் வச்சிருப்பாங்க. நான் விட்டுட்டேன்னு நினைக்காத."

"உட வேணாம் அண்ணி. அதுக்குள்ள எத்தினி ஞாயித்துக்கெழமை வருதோ அத்தினிக்கும் வாங்க. ஒரு கரண்டி உண்டு."

ஞானகுமாரி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குப் பதிலாக, "வாழைக்காயை வேகவச்சுத்தான் துருவுவியா?" என்று கேட்டாள்.

"ஆமா. தோலோட வேகவைக்கணும்."

"ம்" என்றாள். போய்விட்டாள்.

ரெனிதா சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு மாமனார் முன்னால் குந்தினாள். அவர் இன்னும் கண்ணை மூடியே இருந்தார். ஜெசிந்தா அவர் மடியோரம் சாய்ந்து, மடித்த துணியையெல்லாம் கலைத்துப் பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டுங்க மாமா."

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"ஸ்கூட்டர் சத்தம் கேக்கலியே."

"கெளம்பறாங்க. அதோ."

சத்தம் கேட்டது. தெருமுனை வரை போய், திரும்பி, அவுட்டர் ரிங் ரோட்டு இரைச்சலில் கலந்தது. அப்போதும் கிறிஸ்துதாஸ் கையை நீட்டவில்லை.

"ஏதாவது மறந்து வச்சுட்டு திரும்பி வந்தா?"

"வந்தா இன்னா" என்றாள் ரெனிதா. "சட்டியில இன்னும் சோறு கீது. மறுபடி ஒக்காந்து துன்னுங்க."